மூக்கருவியின் சம்பவ நாள்

மலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியும் ரைட்டர் நல்லபெருமாளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தியானத்துக்கு உட்காருவார். கண்ணை மூடுவார். மற்றவர்களுக்கு மூச்சு சீராவதற்குள் இவர் எழுந்துவிடுவார். சமையல் கூடத்திலிருந்து அருவிப் பாறை வரை நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். புல் தேய்ந்து அங்கே ஒரு தடமே விழுந்துவிட்டது. ஆசிரமத்தில் இருந்தவர்கள் அதற்கு ரைட்டர் ரோடு என்று பேர் வைத்திருந்தார்கள்.

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். ஊரார் அடிதடி, வேலித் தகராறு, கோழித் திருட்டு எல்லாவற்றையும் முப்பது வருஷம் எழுதி எழுதி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு இருக்கும்.

அவருடைய குரு அரசியம்மாவுக்கு வயது நாற்பத்து நான்கு. மூக்கருவியின் பக்கத்தில் இருபது வருஷமாக இருந்து வருகிறார். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரைக் குரு என்று சொல்ல நல்லபெருமாளுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒன்று மட்டும் பழகவில்லை. யாராவது பேசி முடித்தால் அரசியம்மா உடனே பதில் சொல்ல மாட்டார். பேசியவரிடம் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று நாலைந்து மூச்சு காத்திருப்பார். அந்த இடைவெளி நல்லபெருமாளுக்கு ஆகாது. தானே எதையாவது சொல்லி அதை நிரப்பிவிடுவார். தன் கேள்விக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு எழுந்து போன நாட்கள் உண்டு.

அவர் மலையேறியதற்குக் காரணம் அவருடைய மனைவி உலகம்மாள்.

சித்திரை மாதம் தென்காசியில் பேத்திக்குக் காது குத்தினார்கள். பந்தி நடக்கும்போது உலகம்மாள் சொந்தக்காரர்களிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லபெருமாள் குறுக்கே புகுந்து, "இவ சொல்றதெல்லாம் சாட்சியில சேராது, நீங்க சாப்பிடுங்க" என்றார். பந்தியே சிரித்தது. உலகம்மாள் அன்று மாலை ஒரு பையை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

போன் செய்தால் எடுப்பதில்லை. ஐந்து மாதம் கழித்து, போன வாரம்தான், மகள் மூலமாக ஒரு சேதி வந்தது.

"போன்ல பேசுனா அவருதான் பேசுவாரு. ஒரே ஒரு கடுதாசி எழுதச் சொல்லு. படிச்சுப் பாத்துட்டு வரணுமா வேண்டாமான்னு சொல்லுதேன். அதுக்கப்புறம் இதப் பத்தி யாரும் என்கிட்ட பேசக்கூடாது."

ஒரே ஒரு கடிதம். வெள்ளிக்கிழமை அரிசி கொண்டுவரும் ஜீப்பில் அது கீழே போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்குள் நல்லபெருமாள் பதினோரு கடிதம் எழுதிக் கிழித்திருந்தார். பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டு அரசியம்மாவிடம் வந்தார். அரசியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"யம்மா, வாசிக்கட்டுமா?"

"வாசிங்க."

"கடந்த சித்திரை மாதம் பதினாலாம் தேதி, பகல் சுமார் ஒரு மணி அளவில், மேற்படி காதுகுத்து விழாவில் என்னால் சொல்லப்பட்ட வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி அவ்வாறு நடவாது."

படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். அரசியம்மா காத்திருந்தார். கீரை மட்டும் உருவப்பட்டுக்கொண்டிருந்தது.

"சுருக்கமா இருக்கோ?" என்றார் நல்லபெருமாள். "சுருக்கமா இருக்கதுதான் நல்லது. சம்பவம் ஒண்ணுதானே."

அரசியம்மா அதற்கும் காத்திருந்தார்.

நல்லபெருமாளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கேள்வி கேக்கேன் யம்மா. ஒரு வார்த்தையில முப்பத்தி மூணு வருஷம் உடைஞ்சு போகுமா? நான் குடிச்சேனா? அடிச்சேனா? வேடிக்கைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக. அவளும் சிரிச்சா. நான் பாத்தேன். சிரிச்சுக்கிட்டேதான் கை கழுவப் போனா."

"மூக்குப்பாறை எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார் அரசியம்மா.

நல்லபெருமாளுக்கு எரிச்சலாக வந்தது. நாம் கேட்டது என்ன, இவர் கேட்பது என்ன. ஆனால் தேதி கேட்டால் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

மூக்கருவியின் உச்சியில் கருங்கல் பாறை ஒன்று மூக்கைப்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் அருவிக்கே அந்தப் பெயர். இந்த வருஷம் சாரல் காலத்தில் அது உடைந்து கீழே விழுந்தது. அருவிக்கே மூக்கு உடைந்துவிட்டது என்று மலையடிவாரக் கடைகளில் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள். அது விழுந்ததை நேரில் பார்த்த ஒரே ஆள் நல்லபெருமாள். வழக்கம்போல அந்த நேரத்திலும் நடந்துகொண்டிருந்தார்.

குறிப்பேட்டை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"சம்பவ நாள், ஜூலை ஒண்ணு, செவ்வாய்க்கிழமை. சம்பவ நேரம், காலை பத்து இருபது. சம்பவ இடம், மூக்கருவியின் உச்சி. முந்தின நாள் பெய்த மழையால் அருவியில் வெள்ளம் அதிகம். மேற்படி நேரத்தில் குரங்கு ஒன்று மேற்படி பாறையின் நுனியில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த மாத்திரத்தில் பாறை சரிந்து விழுந்தது. குரங்கு தாவித் தப்பிவிட்டது."

"அப்ப இந்தக் கேசுல எதிரி குரங்கா?"

"கடைசியா அங்க இருந்தது அதுதானம்மா."

"குரங்கு எவ்வளவு கனம் இருக்கும்?"

"அஞ்சாறு கிலோ."

"பாறை?"

"ஒரு லாரி இருக்கும்." சொன்ன பிறகு நல்லபெருமாளுக்கே அது சரியாகப் படவில்லை. "மழையையும் சேத்துக்கிடணும். மழையும் குரங்கும்."

"போன வருஷமும் மழை பெஞ்சுது. அப்பவும் குரங்கு இருந்துச்சு."

நல்லபெருமாள் குறிப்பேட்டைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டித் தேடினார்.

"சம்பவ இடத்துக்குப் போனீங்களா?"

"ரைட்டர் எங்கம்மா போவான்? இடத்துக்கு இன்ஸ்பெக்டர் ஐயாதான் போவாக. வந்து சொல்லுவாக. நான் ஸ்டேஷன்ல உக்காந்து எழுதுவேன். முப்பது வருஷமா அப்படித்தான்."

"இங்க இன்ஸ்பெக்டர் இல்லையே" என்றார் அரசியம்மா.

கீரைக் காம்புகளை அள்ளிக்கொண்டு எழுந்தார். "இப்ப தண்ணி குறைஞ்சிருக்கு. இடது பக்கமா போனா அருவிக்குப் பின்னால போகலாம். கயிறு கட்டியிருக்கு, பிடிச்சுக்கிட்டுப் போங்க. அப்புறம் ஆத்தோடயே கீழ அருவிப்படி வரைக்கும் நடந்துட்டு வாங்க. நடக்கத்தானே உங்களுக்குப் பிடிக்கும்?"

"கடுதாசி யம்மா? வெள்ளிக்கிழம ஜீப்பு."

"இன்னும் மூணு நாள் இருக்கு."

மூணு நாளாம். நல்லபெருமாளுக்கு மூன்று நிமிடமே பெரிய பாடு. மனைவி திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று தவிக்கும்போது அருவியைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறாரே என்று முனகிக்கொண்டே ரைட்டர் ரோட்டில் இருட்டும்வரை நடந்தார்.

மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அருவிக்கு எதிரே நின்று பார்த்தால் வெள்ளை வேட்டியை உதறிப் பிடித்ததுபோல இருக்கும். பார்க்கிற யாருக்கும் மனசு நிறையும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடது பக்கமாக அதன் பின்னால் நல்லபெருமாள் நுழைந்தார்.

உள்ளே ஒரு பெரிய குடைவு. ஒரு கல்யாணப் பந்தியை அங்கே உட்கார வைக்கலாம். தலைக்கு மேலே கருங்கல். ஒரு கீறல் இல்லாத கருங்கல். அதற்குக் கீழே இருந்த பாறையோ மஞ்சளாக, ஈரமாக இருந்தது. விரலை வைத்தார். வெல்லம்போல உதிர்ந்தது. நகத்தால் கீறினாலே பொடி கொட்டியது.

அருவி மேலேயிருந்து கசத்தில் விழுந்தது. அங்கே ஆழத்தில் தண்ணீர் சுழன்றது. கூழாங்கற்கள் அதோடு சேர்ந்து ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல உருண்டுகொண்டிருந்தன. விழுந்த தண்ணீரில் பாதி முன்னால் ஓடியது. மீதி பின்னால் தெறித்து மஞ்சள் பாறையில் அடித்தது. அடித்து வழிந்து, வழியும்போது கொஞ்சம் மஞ்சளைக் கூட்டிக்கொண்டு போனது. மறுபடி தெறித்தது. மறுபடி கொஞ்சம் மஞ்சள்.

ஒரு துளி என்ன செய்துவிடும்? அவர் அங்கே நின்ற நேரம் முழுக்க அது நிற்கவே இல்லை.

அண்ணாந்து பார்த்தார். பதினைந்து அடிக்குக் கருங்கல் ஒன்றுமில்லாத இடத்தின் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே நின்றால் அதுதான் மலையிலேயே கெட்டியான இடம் என்று தோன்றும். ஐந்து மாதமாக அவர் நடந்து போய்த் திரும்பிய இடமும் அதுதான். ரைட்டர் ரோடு அங்கேதான் முடிகிறது.

நல்லபெருமாள் அங்கே நிற்கவில்லை. குடையை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஆற்றோடு கீழே நடந்தார். அருவிக்குக் கொஞ்சம் தள்ளி மூக்குப்பாறை கிடந்தது. விழுந்து மூன்று மாதம்தான் ஆகிறது, உடைந்த முகம் இன்னும் பளபளவென்று இருந்தது. அதைத் தாண்டி இன்னொரு கருங்கல். அதில் பாசி. அதற்கும் கீழே இன்னொன்று. அதன் இடுக்கில் ஒரு அத்திமரமே வேர் விட்டிருந்தது. துணி துவைக்க, கால் நீட்டி உட்கார, படம் எடுத்துக்கொள்ள என்று வருகிறவர்கள் பயன்படுத்துகிற பாறைகள்தான். நல்லபெருமாளும் அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறார், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இன்றைக்குத்தான் அவை எல்லாம் ஒரே கல் என்று கண்ணில் பட்டது. எல்லாம் மேலேயிருந்து விழுந்த மூக்குகள். எண்ணினார். பதினொன்று இருந்தன.

கடைசிப் பாறைக்கும் கீழே அருவிப்படி. பாறையில் வெட்டிய ஆறு படிகளும் விளக்கு வைக்க இரண்டு மாடங்களும் இருந்தன. ஒரு பெண் அங்கே துவைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, இதுக்கு ஏன் அருவிப்படின்னு பேரு?"

"பேரு அப்படித்தான்."

"அருவி அங்கல்லா இருக்கு?"

அவள் மேலே ஒரு பார்வை பார்த்தாள். "ஆமா, அங்க இருக்கு. படி இங்க இருக்கு. யாருக்குத் தெரியும்?" என்று சேலையை ஓங்கிக் கல்லில் அடித்தாள்.

நல்லபெருமாள் படியிலிருந்து அருவிவரை காலடியை எண்ணிக்கொண்டு திரும்பினார். நானூற்றுப் பன்னிரண்டு.

மாலையில் அரசியம்மாவின் முன்னால் வந்து நின்றபோது வேட்டி நனைந்திருந்தது, குடை இல்லை.

"விசாரணை முடிஞ்சுதா?"

"முடியல யம்மா." மூச்சு வாங்கியது. "மேல இருக்கது கருங்கல்லு. கீழ இருக்கது மஞ்சப் பாறை, தொட்டா உதிருது. தண்ணி கருங்கல்ல ஒண்ணும் செய்யல. விழுந்து, திரும்பித் தெறிச்சு, அந்த மஞ்சளத்தான் தின்னுருக்கு. உள்ள அவ்வளவு பெரிய பள்ளம். கருங்கல்லு சும்மா நிக்குது யம்மா. தாங்க ஒண்ணுமில்ல."

"முன்னால இருந்து பாத்தா?"

"பள்ளம் தெரியாது. தண்ணி மறைச்சிருக்கு. அழகாத்தான் இருக்கும். எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டு நிப்பாக."

அரசியம்மா காத்திருந்தார்.

"அருவி முந்தி அருவிப்படியிலதான் விழுந்திருக்கு. அடியில தின்னும், மேல உடையும், ஒரு எட்டுப் பின்னால போகும். மறுபடியும் தின்னும். அப்படியே நானூத்திப் பன்னெண்டு எட்டுப் பின்னால போயிருக்கு. தண்ணி முன்னால ஓடுது, அருவி பின்னால நடக்குது."

"சம்பவ நாள்?"

நல்லபெருமாள் குறிப்பேட்டைத் திறந்து நீட்டினார். ஜூலை ஒன்று, செவ்வாய்க்கிழமை என்பதை அடித்திருந்தார். அதற்குப் பதிலாக ஒன்றும் எழுதவில்லை.

"தெனமும்னுதான் எழுதணும். அப்படி எழுதுனா எந்தக் கோர்ட்டும் எடுக்காது."

"குரங்கு?"

"விடுதலை பண்ணிட்டேன்."

அரசியம்மா சிரித்தார். நல்லபெருமாள் சிரிக்கவில்லை.

"இன்னும் பின்னால போகுமா யம்மா?"

"போகும்."

"எது வரைக்கும்?"

"மேல கெட்டியா கல்லு இருக்கற வரைக்கும்."

நல்லபெருமாள் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தார். திரும்பி நடந்தார். ரைட்டர் ரோட்டில் பாதி தூரம் போய் நின்றார். அருவிப் பாறைக்குப் போகக் கால் வரவில்லை.

அங்கேதான், நடு ரோட்டில், முதலாவது ஞாபகம் வந்தது.

கல்யாணம் ஆன புதிது. உலகம்மாளின் அண்ணன் வந்திருந்தார். பஸ்ஸில் நடந்த எதையோ அவள் அண்ணனிடம் சொன்னாள். இவர் குறுக்கிட்டு, "இவ சாட்சி செல்லாது மச்சான்" என்றார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். நல்லா இருக்கே என்று அன்றைக்கு இவர் நினைத்துக்கொண்டார். நல்லா இருந்ததால் மறுபடி சொன்னார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மகள் செண்பகாவுக்கு ஆறு வயதில் காய்ச்சல். இது சாதாரணக் காய்ச்சல் இல்லை, கண்ணைப் பாருங்க என்றாள் உலகம்மாள். "சாட்சிக்கு டாக்டர் இருக்காக, நீ சும்மா இரு" என்றார். டைபாய்டு. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது பிள்ளை. அதற்குப் பிறகும் அவர் அந்த வேடிக்கையை விடவில்லை. ஸ்டேஷன் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அதைச் சொல்லாமல் காப்பி இறங்காது. அவள் வாயைத் திறக்கும்போதே நண்பர்கள், "தங்கச்சி, சாட்சி உண்டா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு தடவையும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவர் முப்பத்து மூன்று வருஷமாக எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லபெருமாள் அழுதார். யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. நடுரோட்டில் நின்று சத்தமாக அழுதார்.

வியாழக்கிழமை முழுக்க எழுதினார். எழுதினால் இவர் எப்படி எழுதுவார்? நம்பர் போட்டுத்தான் எழுதினார். ஒன்று, சம்பவ இடம், வீட்டு முன்னறை, உடனிருந்தவர் மச்சான். இரண்டு, சம்பவ இடம், அரசு ஆஸ்பத்திரி. என்னால் சொல்லப்பட்ட வார்த்தை இன்னது. மூன்று. நான்கு. நடுநடுவே எழுந்து நடந்தார், நடந்தால் இன்னொன்று ஞாபகம் வந்தது, ஓடி வந்து எழுதினார். சாப்பிடக் கூப்பிட்டார்கள், கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இருபத்தாறு பக்கத்தை அரசியம்மாவிடம் கொடுத்தார். அவருக்குள் ஏதோ இறங்கியதுபோல இருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாயிற்று. இனி ஒன்றும் பாக்கி இல்லை.

ஜீப் வந்து நின்றது. டிரைவர் மிக்கேல் அரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

அரசியம்மா ஒரு பக்கத்தையும் விடாமல் படித்தார். நல்லபெருமாள் எதிரே நின்று ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் காதுகுத்து இருந்தது.

"நாப்பத்தி ஒரு சம்பவம்" என்றார் அரசியம்மா.

"ஞாபகம் வந்தது இவ்வளவுதான். இன்னும் இருக்கும்."

"எல்லாத்துலயும் நீங்க சொன்ன வார்த்தை இருக்கு."

"ஆமா யம்மா. ஒண்ணையும் மறைக்கல. அப்படியே எழுதிட்டேன்."

"அவுக என்ன சொல்லிக்கிட்டு இருந்தாக?"

"எப்ப?"

"காதுகுத்து அன்னைக்கு. நீங்க நடுவுல பேசறதுக்கு முன்னால."

நல்லபெருமாள் வாயைத் திறந்தார்.

பந்தி ஞாபகம் இருந்தது. இரண்டாவது பாயசம் போய்க்கொண்டிருந்தது. யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல முடியும். உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை மேலே தூக்கி, எதன் உயரத்தையோ காட்டிக்கொண்டு எதையோ சொன்னாள். முகம் மலர்ந்திருந்தது. இவர் அந்த வார்த்தையைச் சொன்னார். பந்தி சிரித்தது. தூக்கிய கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

கை ஞாபகம் இருந்தது. அவள் சொன்னது ஞாபகம் இல்லை.

காகிதங்களை வாங்கிப் புரட்டினார். நாற்பதாவது சம்பவம், பக்கத்து வீட்டுத் திண்டுக்கல்காரர் வந்தபோது நடந்தது. அவள் என்ன சொன்னாள்? தெரியவில்லை. முப்பத்தொன்பது? இல்லை. முதலாவது, பஸ்ஸில் நடந்த எதையோ. அந்த எதையோ என்னது? மச்சானுக்கும் தெரிந்திருக்காது. அவள் அதை முடிக்கவே இல்லை.

முப்பது வருஷம் யார் யாரிடமோ வாக்குமூலம் வாங்கியவர் அவர். கோழி திருடியவன்கூட முழுசாகச் சொல்லி முடித்திருக்கிறான்.

ஹாரன் அடித்தது.

"ரைட்டரய்யா!" மிக்கேல் கூப்பிட்டார். "கடுதாசி இருக்குன்னீங்களே. மழை வாரதுக்குள்ள எறங்கணும்."

நல்லபெருமாள் அசையவில்லை. கையில் இருபத்தாறு பக்கம் இருந்தது. அரசியம்மா காத்திருந்தார். நல்லபெருமாள் அந்த இடைவெளியை நிரப்பவும் இல்லை.

மறுபடியும் ஹாரன்.

நல்லபெருமாள் கடைசித் தாளை எடுத்தார். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை மட்டும் அரிசி மூட்டையின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். தேதி போடவில்லை. நம்பர் போடவில்லை.

'உலகு, காதுகுத்து அன்னைக்கு நீ கையத் தூக்கி எதையோ சொல்லிக்கிட்டு இருந்த. என்ன சொன்ன?'

அவ்வளவுதான் எழுதினார். திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் இருந்த நாற்பத்தொன்றாவது சம்பவத்தைக் குறுக்கே அடித்தார். மடித்து உறையில் போட்டு, அம்பாசமுத்திரம் விலாசத்தை எழுதி மிக்கேலிடம் கொடுத்தார்.

மிக்கேல் உறையைத் தொட்டுப் பார்த்தார். "எழுதிக்கிட்டே இருந்தீங்கன்னாங்க. லேசா இருக்கு?"

நல்லபெருமாள் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜீப் கிளம்பியது. வளைவில் மறைந்தது. சத்தம் கொஞ்ச நேரம் மலையில் இருந்துவிட்டு அதுவும் போனது. பிறகு அருவியின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இப்போது அவருக்குப் பின்பக்கமிருந்து கேட்டது.

இருந்த ஒரே கடிதத்தையும் அனுப்பியாயிற்று. அதில் ஒரு மன்னிப்புகூட இல்லை. அது நல்லபெருமாளுக்கு இப்போதுதான் உறைத்தது. மீதி இருபத்தைந்து பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அரசியம்மாவைப் பார்த்தார்.

"யம்மா, அவ வருவாளா?"

அரசியம்மா வழக்கம்போலக் காத்திருந்தார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. நாலைந்து மூச்சு.

நல்லபெருமாளும் காத்திருந்தார்.

"அத அவுகதான் சொல்லணும்" என்றார் அரசியம்மா.